வாய்தா

வியாழக்கிழமை பத்து மணிக்கு எங்கள் வழக்கு.
மரம் செவ்வாயன்றே பழுத்துவிட்டது.

அராரத் சமவெளியில் ஆப்ரிகாட் இப்படித்தான்.
வருஷமெல்லாம் நமக்கென்ன என்று நிற்கும்,
பிறகு ஒரே வாரத்தில்
இருந்ததை எல்லாம் கொட்டிவிடும்.
நீதிபதி வாய்தா கொடுப்பார்.
பழம் கொடுக்காது.

அதனால்தான் நோராயரைக் கூப்பிட்டேன்.
செம்பு அண்டா உன்னிடம் இருக்கிறது என்றேன்.
வேறொன்றும் சொல்லவில்லை.
அக்கா வீட்டிலிருந்து வந்தான்,
பழைய லாடாவின் பின்சீட்டில்
அண்டாவை உட்காரவைத்து
பெல்ட்டும் போட்டு.

நாற்பத்திரண்டு கிலோ.
கிளையில் அவன்,
கீழே துணி விரித்துப் பிடித்தபடி நான்.
நான் காட்டுகிற கிளையை
பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும்
அவன் முதலில் உலுக்கியதில்லை.
அன்றும் இல்லை.

பழத்தின் முதுகில் ஒரு கோடு ஓடுகிறது.
அதில் கட்டைவிரலை வைத்தால் போதும்,
தானே இரண்டாகும்.
கத்தி வேண்டாம்,
வக்கீல் வேண்டாம்.

சர்க்கரை தூவி மூடிவைத்தோம்.
விடியும்வரை பழம் தன் தண்ணீரைத் தானே விட்டுக்கொண்டிருந்தது.
அவன் காரில் தூங்கினான்.

புதன்கிழமை முழுக்க சுத்தியல் சத்தம்.
கொட்டையை உடைத்துப் பருப்பைப் பழத்தோடு போடுவது எங்கள் ஊர் வழக்கம்.
ஓட்டுத் துண்டைப் பொறுக்கி எறி என்றேன்.
பொறுக்கியாச்சு என்றான்.
ஏன் பிரிகிறீர்கள் என்று யாராவது கேட்டால்
இந்த இரண்டு வரியைச் சொல்லலாம்.

அண்டாவைச் சுற்றிக் குளவிகள்.
நுரையை வழித்து வழித்து
ஆவெத்தின் ரொட்டியில் தடவினேன்.
ஒன்பது வயசு, எல்லாம் தெரியும்.
நுரை யார் பங்கு அம்மா என்றான்.
யார் பங்கும் இல்லை, சாப்பிடு.

கம்பிப் பதம் வரை விட்டால் கல்லாகிவிடும்.
குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு
நடுவே விரலால் கோடு இழுக்க வேண்டும்.
கோடு மூடிக்கொண்டால் இன்னும் கொதிக்கட்டும்.
மூடாமல் நின்றால் இறக்கலாம்.
மூன்று தடவை மூடிக்கொண்டது.
நான்காவது தடவை இழுத்தது அவன்.
நின்றுவிட்டது.
ஒரு கோட்டை எவ்வளவு நேரம் பார்க்கலாமோ
அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே
இரண்டு பேரும் பார்த்தோம்.

முப்பத்தொரு போத்தல்.
சூடு ஆற ஆற
மூடிகள் ஒவ்வொன்றாக உள்ளே இழுபட்டன,
டிக், டிக் என்று,
இருட்டில் யாரோ நாக்கைத் தட்டி எண்ணுவதுபோல.
முப்பதுதான் வந்தது.
ஒன்று மட்டும் அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும்பும்,
தவளைத் தொண்டை.
காற்றுப் புகுந்தது நாள் தாங்காது.
படியில் உட்கார்ந்து தின்றோம், இரண்டு கரண்டி,
நள்ளிரவு தாண்டி, ஒரு பேச்சில்லாமல்.
பருப்பு வந்தபோதெல்லாம்
அவன் என் பக்கம் தள்ளினான்.
எனக்குப் பருப்பு பிடிக்காது.
அது அவனுக்கு இன்னும் தெரியாது.

பங்கிட வேறு ஏதும் உண்டா என்று கேட்டாள் குமாஸ்தா.
பதினைந்து பதினைந்தாகப் பிரித்தாயிற்று என்றான் நோராயர்.
அவள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.
கையெழுத்துப் போட்ட தாள்
என் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.
உதறித்தான் எடுத்தேன்.

இது பிப்ரவரி. வெளியே முழங்கால் அளவு பனி.
ஏழாவது போத்தல், இரண்டாவது வாய்,
கடவாய்ப் பல்லில் நறுக்கென்று ஓட்டுத் துண்டு.
பொறுக்கியாச்சாம்.

தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்திருக்கிறேன்.
அவன் பங்கிலும் என் தலைமுடி ஒன்றாவது கிடந்திருக்கும்.
இதுவரை
ஒரு புகாரும் வரவில்லை.